பீச்சாங்கை தூக்கியவர்கள்

கேள்வியை முடிப்பதற்குள் வகுப்பு முழுவதும் கை தூக்கிவிட்டது.

“ரெண்டுல இருந்து ஏழு போகுமா? போகலைன்னா என்ன செய்யணும்?” என்றுதான் கேட்டிருந்தேன். கரும்பலகையில் முப்பத்திரண்டு, அதன் கீழே பதினேழு, பக்கத்தில் ஒரு கழித்தல் குறி. கள்ளிக்குப்பத்தில் ஒரு பள்ளியின் மூன்றாம் வகுப்பு. எங்களுக்கு மதிப்பெண் போட வந்திருந்த வெளித் தேர்வாளர் கடைசி வரிசையில், பிள்ளைகள் உட்காரும் குட்டை பெஞ்சில், முழங்கால் டெஸ்க்கில் இடிக்க உட்கார்ந்திருந்தார். கையில் பேனா, மடியில் என் பாடத்திட்டம்.

வேறு எந்தப் பயிற்சி ஆசிரியையாக இருந்தாலும் அத்தனை கைகளைப் பார்த்துப் பூரித்துப் போயிருப்பாள். என்னால் முடியவில்லை. ஏனென்றால் தூக்கிய கைகளில் பாதிக்கு மேல் இடது கை.

ஒரு பரம்பரைத் தந்திரம்

இடது கைக்கு நான் ஏன் நடுங்கினேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பயிற்சி நிறுவனத்தில் என் பக்கத்து இருக்கைக்காரி ருக்சானா. பூந்தமல்லிப் பெண். ப்ளஸ் டூ முடித்த கையோடு வந்து சேர்ந்தவள். அவளுடைய அப்பா, அவள் வாயில் அத்தா, பூந்தமல்லியில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருந்தார். எங்கள் வகுப்புக்கு வேண்டிய சார்ட், கலர் பேப்பர், ஜிகினா எல்லாம் அந்தக் கடையிலிருந்துதான் வரும். செய்முறைத் தேர்வுக்கு முந்தின வாரம் அவள்தான் எனக்கு அந்த ரகசியத்தைச் சொன்னாள்.

“இன்னாக்கா, இதுகூட தெரியாதா உனக்கு? எல்லா பசங்களையும் கை தூக்கச் சொல்லணும். பதில் தெரிஞ்சதுங்க சோத்தாங்கை. தெரியாததுங்க பீச்சாங்கை. பின்னாடி குந்திகினு கீற மேடத்துக்கு மொத்த கிளாஸும் கை தூக்குன மாதிரி தெரியும். நீ சோத்தாங்கையா பாத்து எழுப்பு. அவ்ளோதான், ஜோலி முடிஞ்சுது.”

ஒவ்வோர் ஆண்டும் சீனியர்கள் ஜூனியர்களுக்குக் கொடுத்துவிட்டுப் போகும் சீதனமாம் இது. கேட்டதும் விழுந்து விழுந்து சிரித்தேன். எங்கள் தேனிப் பக்கம் இடது கையை நொட்டாங்கை என்போம். கள்ளிக்குப்பத்துப் பிள்ளைகளிடம் நொட்டாங்கை என்று சொல்லியிருந்தால் அது என்ன பலகாரம் என்று கேட்டிருப்பார்கள்.

நான் அந்தத் தந்திரத்தைத் தொடவில்லை. பெரிய நேர்மைக்காரி என்பதால் இல்லை. எதிரே நிற்கிற பிள்ளையின் வலது கை என் இடது பக்கத்தில் இருக்கும். பதற்றத்தில் சரியாகத் தப்பான பிள்ளையை எழுப்பிவிடுவேன் என்கிற பயம்தான்.

ஆனால் பிள்ளைகளுக்கு என் முடிவு தெரியுமா? போன வருடம் வந்த பயிற்சி ஆசிரியைகள் அதே வகுப்பைப் பழக்கிவைத்துவிட்டுப் போயிருந்தார்கள். கடைசி பெஞ்சில் புடவை கட்டிய ஒரு புது ஆள் பேனாவோடு உட்கார்ந்தால், இப்படித்தான் கை தூக்க வேண்டும் என்பது அவர்களுக்குப் பள்ளி ஒழுங்குகளில் ஒன்று. காலையில் பிரேயர், மதியம் சத்துணவு, இன்ஸ்பெக்‌ஷன் என்றால் பீச்சாங்கை.

டிகிரிக்காரியும் சீருடைப் புடவையும்

இந்த வம்பை நான் தேடிப் போனது எப்படி என்று கேட்பீர்கள். என் அம்மாவும் அதைத்தான் கேட்டாள். “டிகிரி முடிச்சு ஏசி ரூம்ல வேலை பாத்தவ, திரும்ப அ, ஆ படிக்கப் போறாளாக்கும்.”

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் எனக்கு வேலை. மற்றவர்கள் எழுதிய நிரலில் குற்றம் கண்டுபிடிப்பது. அதற்குத் தனியாகச் சம்பளம் தருவார்களா என்று என் கணவர் கேலி செய்வார். வீட்டில் அதை நான் இலவசமாகச் செய்துகொண்டிருந்தேன்.

கொரோனா ஊரடங்கு வந்தது. அயனம்பாக்கத்தில் எங்கள் அடுக்ககத்துப் பிள்ளைகள் போனையே பார்த்துப் பார்த்துச் சுருண்டு கிடந்தார்கள். கட்டுப்பாடுகள் கொஞ்சம் தளர்ந்ததும் கார் நிறுத்துமிடத்தில் பாய் விரித்து, தள்ளித் தள்ளி உட்காரவைத்துக் கணக்கு சொல்லிக்கொடுத்தேன். ஒருநாள் இரண்டாம் மாடிப் பெண்ணுக்குக் கடிகாரம் பார்க்க வந்துவிட்டது. அவள் மாடிப்படி முழுவதும் ஓடி ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டி மணி சொல்லிவிட்டு வந்தாள். அன்று எனக்கு வந்த சந்தோஷம் ஆபீசில் அதுவரை ஒருநாளும் வந்ததில்லை. அவ்வளவுதான், பித்துப் பிடித்துவிட்டது.

விசாரித்தபோதுதான் தெரிந்தது, ஒன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுக்க என் பட்டம் செல்லாக்காசு. தொடக்கக் கல்விக்கென்று இரண்டு வருடப் பட்டயப் பயிற்சி முடிக்க வேண்டும். ஊர்வழக்கில் டீச்சர் ட்ரெயினிங்.

வேலையை விடப் போகிறேன் என்றதும் என் மேனேஜர் நல்லவிதமாகத்தான் சொன்னார். “வேலில போற ஓணான எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்கறீங்க மாலா. பரவாயில்ல, சரிப்படலைன்னா வந்துடுங்க. உங்க சீட்டு இருக்கும்.”

அந்த சீட்டு இரண்டு வருடமும் என் கனவில் வந்து பயமுறுத்தியது. வீட்டில் ஒப்பந்தம் தெளிவாக இருந்தது. என் கணவர் இரண்டு வருடம் என்றுதான் சம்மதித்திருந்தார். செய்முறைத் தேர்வில் தவறினால் இன்னொரு வருடம். அதைக் கேட்கிற முகம் எனக்கில்லை. தவறினால் ஏசி ரூமுக்குத்தான் திரும்ப வேண்டும்.

முதல் நாள் பயிற்சி நிறுவனத்துக்குள் நான் நுழைந்ததும் வகுப்பே எழுந்து “குட் மார்னிங் மேம்” என்றது. விரிவுரையாளர் என்று நினைத்துவிட்டார்கள். பேசாமல் போய் ருக்சானாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். பிள்ளைகள் திகைத்து நின்றன. “நானும் உங்களோட ஸ்டூடண்ட்தாம்மா” என்றதும் ஒருத்தி சிரிப்பை அடக்க முடியாமல் டெஸ்க்குக்குள் தலையை விட்டுக்கொண்டாள்.

அப்புறம் சீருடைப் புடவை. முப்பது வயதைத் தாண்டியவள் வெளிர்நீலப் புடவையில், ஒற்றைச் சடை பின்னி, கையில் பாடத்துக்காகச் செய்த தெர்மாகோல் தராசோடு அம்பத்தூர் ஓ.டி.யில் ஷேர் ஆட்டோவுக்கு நிற்பதைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். “இன்னா டீச்சர், தராசு கீது, காய்கறி எங்க?” என்பார் ஆட்டோக்காரர். தினமும் அதே ஜோக். தினமும் சிரிப்பேன்.

‘புரிஞ்ச்ச்சுது மிஸ்’

பள்ளிக்கு அனுப்புவதற்கு முன்னால் எங்களுக்குள்ளேயே பாடம் எடுத்துப் பழக்குவார்கள். ஒருத்தி ஆசிரியை, மற்ற எல்லோரும் சின்னப் பிள்ளைகள். ருக்சானா ஒன்றாம் வகுப்புப் பிள்ளையாக நடிப்பதில் கைதேர்ந்தவள். நான் வாயைத் திறந்ததும் சுண்டுவிரலைக் காட்டி, “மிஸ், ஒண்ணுக்கு” என்பாள்.

எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. ஆபீசில் ஒட்டிக்கொண்டது. இரண்டு வாக்கியத்துக்கு ஒருமுறை “புரிஞ்சுதா?” என்பேன். என்னைவிட வயதில் சின்னவரான எங்கள் விரிவுரையாளர் அதைக் குறித்துவைத்துக்கொண்டு ஒருநாள் நேராகவே போட்டார்.

“புரிஞ்சுதான்னு கேக்கறத விடுங்க மேடம். புரியாத பிள்ளை என்னைக்காவது புரியலன்னு சொல்லிப் பாத்திருக்கீங்களா?”

எனக்கு ரோஷம் வந்தது. மீட்டிங்கில் பத்துப் பேரை மேய்த்தவளிடம் இப்படியா பேசுவது என்று வீட்டுக்கு வந்து பொரிந்து தள்ளினேன். அடுத்த மாதம் கள்ளிக்குப்பத்து வகுப்பில் நின்று “புரிஞ்சுதா?” என்று கேட்டபோது, முப்பது குரல்கள் ஒரே ராகத்தில் “புரிஞ்ச்ச்சுது மிஸ்ஸ்ஸ்” என்றன. நோட்டைத் திருத்தினால் ஒருத்தருக்கும் ஒரு மண்ணும் புரிந்திருக்கவில்லை. அந்த விரிவுரையாளர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை.

கடன் வாங்கிக் கழித்தல்தான் மூன்றாம் வகுப்பின் இமயமலை. நம் எல்லோருக்கும் ஒரே மந்திரம்தானே சொல்லித்தந்தார்கள்? இரண்டிலிருந்து ஏழு போகாது, பக்கத்து வீட்டில் கடன் வாங்கு, இரண்டு பன்னிரண்டாகும். நானும் அதையே சொன்னேன். பிள்ளைகளும் பாட்டாகப் பாடின. விடை மட்டும் ஒவ்வொரு நோட்டிலும் ஒவ்வொரு தினுசாக வந்தது.

அதனால்தான் தேர்வுப் பாடமாக அதையே எடுத்தேன். துடைப்பத்தைப் பிரித்து, ஈர்க்குச்சிகளை ஒரே அளவாக நறுக்கி, பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிவைத்தேன். புதுத் துடைப்பம் எங்கே என்று என் கணவர் தேடிக்கொண்டிருந்தது தனிக்கதை.

கையும் களவுமாக

இனி வகுப்புக்குத் திரும்புவோம். கைகள் இன்னும் மேலேதான் இருக்கின்றன.

வலது கை தூக்கியிருந்த லோகேஷை எழுப்பினேன். “பக்கத்து ஊட்ல கடன் வாங்கணும் மிஸ்!” என்று கூரை அதிரக் கத்தினான். வலது கைக்காரர்கள் கை தட்டினார்கள்; இடது கைகள் இறங்கவே இல்லை. தேர்வாளர் தட்டவில்லை. மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டு, கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். ஜன்னல் ஓரத்தில் இடது கையை நெட்டுக்குத்தாக நீட்டியிருந்த ஜீவிதாவிடம் அந்தப் பார்வை நின்றது.

“நீ சொல்லு பாப்பா. பக்கத்து வீட்ல எவ்ளோ வாங்கணும்?”

ஜீவிதா எழுந்தாள். “தெரியாது மிஸ்.”

“பின்ன ஏன் கை தூக்குன?”

“தெரியாதுன்னுதான் மிஸ் தூக்குனேன்.”

அத்தோடு விட்டிருக்கலாம். உதவிக்கு வந்தான் லோகேஷ். “மிஸ், இன்ஸ்பெக்‌ஷன்னா தெரிஞ்சவங்க சோத்தாங்கை, தெரியாதவங்க பீச்சாங்கை மிஸ். போன வருஷத்து மிஸ் சொல்லிக் குடுத்தாங்க.”

தேர்வாளர் என்னைப் பார்த்தார். “உங்களுக்கு இது தெரியுமா?”

“கேள்விப்பட்டிருக்கேன் மேடம். நான் சொல்லிக் குடுக்கல.”

அவர் பேனாவை மூடினார். அந்த ‘டிக்’ சத்தத்தில் என் ஏசி ரூம் கதவு திறந்ததுபோல் இருந்தது. “சரி, பாடத்தை எடுங்க” என்றார்.

பாடத்திட்டப்படி அடுத்து நான் சார்ட்டை மாட்ட வேண்டும். கை அதற்குப் போகவில்லை. நான் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றேன். இத்தனை வாரமாக இந்தப் பிள்ளைகளிடம் ‘புரிஞ்சுதா, புரிஞ்சுதா’ என்று மன்றாடியிருக்கிறேன். ஒருத்தர்கூட இல்லை என்று சொன்னதில்லை. இதோ, பாதி வகுப்பு கூச்சமில்லாமல் கை உயர்த்தி, எனக்குத் தெரியாது என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. இதைவிட ஓர் ஆசிரியைக்கு வேறென்ன வேண்டும்? என் பயம் போன இடம் தெரியவில்லை. சிரிப்புதான் வந்தது.

பாடத்திட்டத்தின் நகலைக் கவிழ்த்து மேஜையில் வைத்தேன்.

“பீச்சாங்கை தூக்குனவங்க எல்லாம் முன்னாடி வாங்க.”

அவிழ்ந்த கட்டு

வந்தார்கள், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு. “முட்டி போடணுமா மிஸ்?” என்றது ஒன்று.

“இல்லடா. இன்னிக்கு நீங்கதான் கேள்வி கேக்கணும். கடன் வாங்கறதுல உங்களுக்கு எது புரியலையோ அதைக் கேளுங்க. நான் பதில் சொல்லணும். சொல்லலைன்னா நான் முட்டி போடறேன்.”

பிள்ளைகளுக்கு இது பிடித்துப்போயிற்று. ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டன. கடைசியில் ஜீவிதாவை முன்னால் தள்ளிவிட்டன.

“மிஸ், பக்கத்து ஊட்ல ஒண்ணுதான கேட்டோம்? அவங்க ஏன் பத்து குடுக்கறாங்க?”

சோத்தாங்கைக் கோஷ்டி கொல்லென்று சிரித்தது. நான் சிரிக்கவில்லை. பட்டப்படிப்பு வரை கணக்கு படித்தவள் நான். மூன்று ஒன்று குறைந்து இரண்டாகிறது, இந்தப் பக்கம் பத்து கூடுகிறது. இது ஏன் என்று ஒருநாளும் யாரையும் கேட்டதில்லை. மந்திரத்தில் எதற்குக் கேள்வி?

மேஜையடியிலிருந்து குச்சிகளை எடுத்தேன். மூன்று கட்டு, இரண்டு உதிரி.

“இது முப்பத்திரண்டு. ஏழு குச்சி எனக்குக் குடு.”

“ரெண்டுதான் கீது மிஸ்.”

“பக்கத்து வீட்ல போய்க் கேளு.”

ஜீவிதா கட்டுகளைப் பார்த்தாள். ஒன்றை எடுத்தாள். “எத்தனை எடுத்த?” என்றேன்.

“ஒண்ணு.”

“ரப்பர் பேண்டைக் கழட்டு.”

குச்சிகள் மேஜை முழுவதும் சிதறின. பிள்ளைகள் முண்டியடித்துப் பொறுக்கி எண்ணின. ஏழு, எட்டு, ஒன்பது, பத்து. ஜீவிதா கையிலிருந்த ரப்பர் பேண்டைப் பார்த்தாள், மீதியிருந்த இரண்டு கட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அப்புறம் கத்தினாளே ஒரு கத்து!

“மிஸ்! அவங்க ஒண்ணுதான் குடுத்தாங்க! கட்டா குடுத்தாங்க! நாமதான் அவுத்துக்கினோம்!”

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. சார்ட் என்ன, ஜிகினா என்ன, நான் இன்னும் நூறு பாடத்திட்டம் எழுதினாலும் அந்த வாக்கியம் எனக்கு வந்திருக்காது. பன்னிரண்டில் ஏழு போனது, இரண்டு கட்டில் ஒன்று போனது, மேஜையில் பதினைந்து குச்சி மிஞ்சியது. பிறகு ஒவ்வொரு பிள்ளையும் வேறு வேறு எண்ணுக்குக் கட்டை அவிழ்த்தது. சிரித்த கோஷ்டியும் இப்போது மேஜையைச் சூழ்ந்துகொண்டது. அவர்களிலும் பாதிப் பேருக்கு விடைதான் தெரியும், காரணம் தெரியாது.

எல்லோரையும் இடத்தில் உட்காரவைத்துவிட்டு, “இப்ப கை தூக்குங்க பாக்கலாம்” என்றேன்.

ஜீவிதாவின் வலது கை முதலில் எழுந்தது. அப்புறம் வரிசையாக, எல்லாம் வலது கை. கிஷோர் மட்டும் இடது கையைத் தூக்கியபடி உட்கார்ந்திருந்தான்.

“கிஷோர், உனக்கு இன்னும் புரியலையாடா?”

“எனக்கு அப்பவே தெரியும் மிஸ். நான் லெஃப்டு. எழுதறதே இதுலதான்.”

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. தேர்வாளர், பாடத்திட்டத்தால் வாயை மறைத்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார்.

கடைசி பெஞ்சில் ஒரு கை

முடிந்தது என்று நினைத்து நான் குச்சிகளைச் சேர்க்கத் தொடங்கினேன். அப்போது கடைசி பெஞ்சில் ஒரு கை எழுந்தது. கண்ணாடி வளையல் போட்ட கை. இடது கை.

“டேய், மேடத்துக்குத் தெரியலடா!” என்றான் லோகேஷ். வகுப்பே திரும்பிப் பார்த்தது.

“ஆமா, எனக்கு ஒரு சந்தேகம்” என்றார் தேர்வாளர், முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு. “முன்னூறுல இருந்து பதினேழு போகணும். பக்கத்து வீட்டுக்குப் போனா அங்கயும் ஒண்ணுமில்ல, பூஜ்யம். இப்ப நான் என்ன செய்யறது மிஸ்?”

என்னை அவர் ‘மிஸ்’ என்றது காதில் விழுந்தது. ஆனால் கேள்வி தலையில் இடியாக இறங்கியது. அதை நான் இவர்களுக்கு இன்னும் நடத்தவில்லை. என்னிடம் நூறு குச்சிகளைச் சேர்த்துக் கட்டிய பெரிய கட்டும் கிடையாது. வாயைத் திறந்தேன். அதற்குள் ஜீவிதா எழுந்துவிட்டாள், கையைக்கூடத் தூக்காமல்.

“அவங்க ஊட்லயும் இல்லன்னா அதுக்கும் அடுத்த ஊட்ல கேக்கணும் மிஸ். அங்க பெரிய மூட்டை இருக்கும். அத்த அவுத்தா பத்து கட்டு வரும். அதுல ஒரு கட்ட எடுத்து அவுத்தா குச்சி வரும்.” கொஞ்சம் யோசித்து, “ரெண்டு வாட்டி அவுக்கணும் மிஸ்” என்று முடித்தாள்.

சற்றுமுன் ‘தெரியாது மிஸ்’ என்று நின்ற அதே பெண்.

தேர்வாளர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இடது கையை இறக்கினார். பேனாவை டெஸ்க்கில் வைத்துவிட்டு வலது கையைத் தூக்கினார்.

பிள்ளைகள் பெஞ்சைத் தட்டிய தட்டலில் பக்கத்து வகுப்பு ஆசிரியை ஓடி வந்து எட்டிப் பார்த்தார்.

சான்றிதழ் கையில் வர அதற்கப்புறம் மாதக்கணக்காயிற்று. தகுதித் தேர்வுக்கு ஒரு தனி மல்லுக்கட்டு. இன்று சேக்காட்டில் எனக்கென்று ஒரு மூன்றாம் வகுப்பு இருக்கிறது. அங்கே இன்ஸ்பெக்‌ஷன் இல்லாத நாளிலும் பீச்சாங்கை உண்டு. ஜூன் மாதம் முதல் நாளே சொல்லிவிடுவேன், தெரியாதவர்கள் தாராளமாகத் தூக்கலாம், அவர்களுக்குத்தான் முதல் கவனிப்பு என்று. கிஷோர் மாதிரி ஆட்களை மட்டும் முன்கூட்டியே விசாரித்து வைத்துக்கொள்கிறேன்.

தேர்வு நடந்த அன்று மதியம், பள்ளி வராந்தாவில் தெர்மாகோல் தராசையும் குச்சிகளையும் கட்டிக்கொண்டிருந்தபோது என் கணவர் போன் செய்தார். காலையிலிருந்து அவருக்கும் வேலை ஓடவில்லை போலிருக்கிறது.

“என்னாச்சு? மேடம் ஏதாவது சொன்னாங்களா?”

“ஒண்ணும் சொல்லலங்க” என்றேன். “சோத்தாங்கையத் தூக்குனாங்க.”